வேனிலிருந்து பார்த்தால் சதுரம்

சாலையில் கோடு போடுவது அவளுடைய வேலை. குடியிருப்பில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் கிடையாது. சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் கோட்டக்காதான். அவளுடைய ஆரஞ்சுச் சட்டை மாடிக் கொடியில் காய்ந்தால், அக்கா இன்றைக்கு வீட்டில் இருக்கிறாள் என்று அர்த்தம். உருகிய பெயின்ட் தெறித்து வலது மணிக்கட்டில் சின்னச் சின்னத் தழும்புகள் உண்டு. என்னவென்று யாராவது கேட்டால், “ரோட்டுக்குப் போட்டது போக மிச்சம்” என்பாள்.

கோட்டைப் போட்டு முடித்ததும் அவள் ஒரு காரியம் செய்வாள். தெருக்கோடிக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இடது கண்ணை மூடி, வலது கண்ணால் கோட்டைப் பிடித்துக்கொண்டே அடுத்த முனை வரைக்கும் பார்வையை ஓட்டுவாள். “கோடு நேரா இருந்தா எவனும் திரும்பிப் பாக்கமாட்டான். கோணினா ஊரே பாக்கும்” என்பது அவள் கொள்கை. சாலையில் எழுத்தும் எண்ணும் எழுதுவதில் அவளை அடிக்க ஆளில்லை. அந்த எழுத்துகளை இழுத்து இழுத்து நீளமாக எழுதவேண்டும். பக்கத்தில் நின்று பார்த்தால் கொடியில் காயும் பேன்ட் மாதிரி தொங்கும். தூரத்தில் வண்டியில் வருகிறவன் கண்ணுக்குத்தான் அது அளவாகத் தெரியும்.

அவள் கணவர் தையற்காரர். வீட்டின் முன்னறையில்தான் மெஷின். “நாம ரெண்டு பேருமே கோடு பாத்துப் பொழைக்கிறவங்கதான். என் கோடு துணியோட போயிடும், உன் கோட்டு மேல லாரி போகுது” என்று சொல்லிச் சிரிப்பார்.

இவர்களுக்கு ஒரே மகள். ஒல்லியாக, கூர்மையாக இருப்பதால் குண்டூசி என்று பெயர் வந்துவிட்டது. அந்த வருஷம்தான் புதுப் பள்ளியில் சேர்ந்திருந்தாள். அங்கே அவள் பெஞ்சில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தாள். அவள் பேச்சுக்குத்தான் வகுப்பில் மதிப்பு. போன மாதம் தன் பிறந்தநாளுக்கு எல்லோரையும் காசு கட்டி விளையாடும் பெரிய கூடத்துக்கு அழைத்துப்போயிருந்தாள். பிளாஸ்டிக் பந்துக் குளம், துள்ளும் மெத்தை, குளிர்சாதனம் என்று ஒரே அமர்க்களம்.

“அடுத்து உன் முறை. நீ எங்க கூட்டிட்டுப் போவே?” என்று கண்ணாடிக்காரி கேட்டபோது, குண்டூசிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“எங்க வீட்டுச் சந்துக்கு வாங்க. எங்கம்மா பாண்டி போடுவாங்க. இவ்ளோ பெரிய பாண்டிய நீங்க பாத்தே இருக்க மாட்டீங்க.”

கட்டம் போட்டு ஒற்றைக் காலில் தாண்டுகிற விளையாட்டுதானே என்று இரண்டு பெண்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். கண்ணாடிக்காரி மட்டும், “சரி, ஞாயித்துக்கிழமை வரோம்” என்றாள்.

வீட்டுக்கு வந்து குண்டூசி பையைக்கூடக் கழற்றவில்லை. “அம்மா, நல்லா இல்லன்னா திங்கக்கிழமை நான் ஸ்கூலுக்கே போகமாட்டேன்.”

“போகாம? என்கூட ரோட்டுக்கு வரியா?”

“வெளையாடாதீங்கம்மா.”

மகளின் மோவாய் நடுங்குவதைப் பார்த்ததும் கோட்டக்காவுக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. புது இடத்தில் ஒரு பிள்ளைக்கு முதல் பெயர் எப்படி அமைகிறதோ அப்படித்தான் கடைசி வரைக்கும் நிற்கும். அது அவளுக்குத் தெரியும்.

சந்தில் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. அவளுடைய அண்ணன். கீழ்த்தளத்தில் குடியிருந்துகொண்டு, மரச்சாமான் ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறவர். வேனைச் சந்தின் நட்டநடுவில்தான் நிறுத்துவார். வீட்டின் ஜன்னலிலிருந்து வண்டி தெரிந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

“அண்ணே, ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் வண்டிய வெளிய போட்டுக்கோ.”

“உன் பொண்ணு பாண்டி ஆட நான் வண்டிய தலையில தூக்கி வச்சுக்கணுமா?”

“தலையில எதாச்சும் இருந்தாத்தானே கனம் தெரியும். மெயின் ரோட்டுல போடு.”

அண்ணன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். “காலையில ஒரு லோடு இருக்கு. பத்து மணிக்கெல்லாம் வந்துடுவேன். வந்தா வண்டி இங்கதான் நிக்கும். அதுக்குள்ள உங்க ஒலிம்பிக்ஸ முடிச்சுக்கோங்க.”

ஞாயிறு விடிந்தும் விடியாததுமாக வேன் கிளம்பியது. அது சந்து முனையைத் தாண்டி மறைந்த மறு நிமிடமே அவள் வாளியும் பிரஷும் நூல்கண்டுமாகச் சந்தில் இறங்கினாள். வேலை செய்யும் இடத்துப் பெயின்டை அவள் தொடமாட்டாள். சுண்ணாம்பைக் கரைத்து வைத்திருந்தாள். இரண்டு முனையிலும் செங்கலை வைத்து நூலை இழுத்துக் கட்டி, சந்தின் நீளத்துக்கும் கட்டங்களை இறக்கினாள். கட்டத்துக்குள் எண்கள், தொடங்கும் இடத்தில் ஒரு நிறுத்தக் கோடு, முடியும் இடத்தில் ஓர் அம்புக்குறி. கை தன்பாட்டுக்கு ஓடியது. கடைசியில் வழக்கம்போலத் தெருக்கோடிக்குப் போய், குத்துக்காலிட்டு, இடது கண்ணை மூடிப் பார்த்தாள். கட்டங்கள் அத்தனையும் அச்சில் வார்த்த சதுரங்கள். திருப்தியோடு கை கழுவப் போய்விட்டாள்.

பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். குண்டூசி முன்னால் ஓடிப்போய்ச் சில்லை முதல் கட்டத்தில் போட்டாள். ஒற்றைக் காலைத் தூக்கி எம்பினாள். முதல் கட்டத்தின் பாதியைக்கூடத் தாண்டவில்லை. மறுபடி எம்பினாள். அப்போதும் அதே கட்டம்தான். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் ஆள் தாராளமாகக் காலை நீட்டிப் படுக்கலாம் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

“இது யாருக்குப் போட்டது, ஒட்டகச்சிவிங்கிக்கா?” என்றாள் ஒருத்தி.

“நம்பர் ஏன் இப்படி இருக்கு? ஒன்னு போட்டா ஒட்டடைக்குச்சி மாதிரி?”

பிள்ளைகள் சிரித்தார்கள். கண்ணாடிக்காரி சிரிக்கவில்லை. இன்னும் தீர்ப்புச் சொல்லாதவள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். குண்டூசி தன் அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் திங்கட்கிழமை முழுவதும் இருந்தது.

கோட்டக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “இரு, பக்கத்துல சின்னதா ஒன்னு போட்டுத் தரேன்” என்று வாளியை எடுக்கப் போனபோதுதான் சந்து முனையில் ஹாரன் கேட்டது. அண்ணன் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். போச்சு, இருந்த இடமும் போச்சு என்று நினைத்தாள்.

ஆனால் வேன் உள்ளே வரவில்லை. நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் கச்சிதமாக நின்றது. அண்ணன் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

“ஏம்மா, யார் வந்து போட்டுட்டுப் போனாங்க? இனிமே வண்டி விடக் கூடாதாமா?”

“யாரும் வரலண்ணே, நான்தான் போட்டேன்.”

“நீயா? நம்பர் எல்லாம் பளிச்சுனு, கட்டம் எல்லாம் சதுரமா... நான் கவர்மென்ட்டு வேலைன்னு நினைச்சு பிரேக் போட்டுட்டேன்.”

“என்ன சொன்னே? சதுரமாவா இருக்கு?”

“அளவெடுத்த மாதிரி இருக்கு.” அவர் கதவைத் திறந்து இறங்கினார். இரண்டடி நடந்தார். கட்டத்தைப் பார்த்தார். திரும்பி வேனைப் பார்த்தார். “அடடே. இறங்கினா நீண்டு போகுதே.”

கோட்டக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். இத்தனை வருஷம் வண்டியில் போகிறவர்களுக்கே போட்டுப் பழகிய கை, பிள்ளைகளுக்கும் அதே கணக்கில் போட்டுவிட்டது. போட்டதைத் தூரத்தில் போய் உட்கார்ந்து பார்த்தாளே தவிர, கட்டத்துக்குள் ஒரு முறைகூட நின்று பார்க்கவில்லை.

“நானும் பாக்கணும்” என்றாள் கண்ணாடிக்காரி. அண்ணன் அவளைத் தூக்கி ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தார். அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். “ஐயோ, சதுரம்.” இறங்கிப் பார்த்தாள். “இப்ப நீளம்.” மறுபடி ஏறினாள். அதற்குள் வேன் கதவுக்குக் கீழே வரிசை நின்றுவிட்டது. பந்துக் குளத்துக்குக்கூட இப்படி நின்றிருக்கமாட்டார்கள்.

எல்லோரும் ஏறி இறங்கி முடிந்ததும் கண்ணாடிக்காரி கேட்டாள். “எல்லாம் சரி, இத எப்படித் தாண்டுறது?”

சந்தே குண்டூசியைப் பார்த்தது. அவள் கட்டத்தைப் பார்த்தாள், மாமாவின் நீண்ட கைகளைப் பார்த்தாள், வாசலில் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்த அப்பாவைப் பார்த்தாள்.

“அப்பா, இந்தப் பக்கம் வாங்க. மாமா, நீங்க அந்தப் பக்கம். ஆளுக்கொரு கையப் பிடிங்க. நான் நொண்டி அடிக்கிறப்போ தூக்கிட்டு ஓடணும். நான் கோட்ட மிதிச்சா நான் அவுட். நீங்க மிதிச்சாலும் நான் அவுட்.”

“மச்சான், வயசான காலத்துல நமக்கு இது தேவையா?” என்றார் தையற்காரர்.

“நீங்க உக்காந்தே தைக்கிறவரு. உங்களுக்கு ஓட்டம் நல்லது” என்றார் அண்ணன்.

எம்பினாள் குண்டூசி. இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு கட்டம் முழுவதும் காற்றில் பறந்து அடுத்ததில் ஒற்றைக் காலில் இறங்கினாள். மூன்றாவது கட்டத்தில் அண்ணனின் செருப்பு கோட்டை மிதித்தது. “அவுட்” என்று சந்து முழுக்க ஒரே குரல். “செருப்புதான் மிதிச்சுது, நான் மிதிக்கல” என்று அவர் வாதாடிப் பார்த்தார். எடுபடவில்லை.

அதற்குப் பிறகு விளையாட்டுக்குப் பிள்ளைகள் போதுமான அளவுக்கு இருந்தார்கள், பெரியவர்கள்தான் போதவில்லை. அடுக்களையில் இருந்தவர்களையும் பால்கனியில் பேப்பர் படித்தவர்களையும் பிள்ளைகள் இழுத்துவந்தார்கள். கண்ணாடிக்காரியை அழைத்துப்போக வந்த அவள் அப்பா இஸ்திரி கலையாத சட்டையோடு, “ஒரே ஒரு தடவைதான்” என்று சொல்லி இறங்கினார். ஐந்தாவது தடவை சட்டையை வெளியே எடுத்துவிட்டுக் கைமடித்துக்கொண்டு ஓடினார். லோடு இறக்கிய வேன் நிறுத்தக் கோட்டுக்கு வெளியே நல்ல பிள்ளையாக நின்றது. அதை யாரும் உள்ளே கொண்டுவரச் சொல்லவில்லை, அண்ணனும் கொண்டுவரவில்லை.

கிளம்பும்போது கண்ணாடிக்காரி குண்டூசியிடம் சொன்னாள். “எங்கப்பா ஓடி நான் இன்னைக்குத்தான் பாக்கிறேன். அடுத்த வாரமும் வரலாமா?”

புதன்கிழமை பெய்த மழையில் சுண்ணாம்பு கரைந்துபோனது. சனிக்கிழமை மாலை அண்ணன் வேனை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, சாவியைச் சுழற்றிக்கொண்டு நடந்துவந்தார். “ஜன்னல்லேர்ந்து தெரியலன்னா தூக்கம் வராதுன்னியே?” என்றாள் தங்கை.

“ஓடின ஓட்டத்துல தூக்கம் அதுவா வருது.”

கோட்டக்கா வாளியை எடுத்தாள். “இந்த வாட்டி உங்க காலுக்கு அளவா, சின்னதாப் போடட்டுமா?”

குண்டூசி பதறிப்போய் நூல்கண்டைப் பிடுங்கிக்கொண்டாள். “வேணாம்மா. சின்னதாப் போட்டா பெரியவங்க யாரும் வரமாட்டாங்க.”

அவளே நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சந்தின் அடுத்த கோடிக்கு ஓடினாள். அங்கே போய்க் குத்துக்காலிட்டு, ஒரு கண்ணை மூடி, “இன்னும் கொஞ்சம் நீளமா இழுங்கம்மா” என்றாள்.