அந்த சிம்பொனிக்கு டிரம் அடித்த செல்வி

ஜன்னலைத் திறந்தால் காசிமேட்டு மீன்வாடை. மூடினால் இருபத்தெட்டு பேரின் வேர்வை. ராயபுரத்தில் ஒரு பழைய சர்ச் ஹாலில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், ஜன்னலைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு ரிகர்சல் செய்வோம்...

அப்போது எனக்கு ஹார்பர் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீசில் வேலை. சேர்ந்து ஒரு வருஷம். ஆர்கெஸ்ட்ராவில் வயோலா வாசித்தேன். வயலினைவிடக் கொஞ்சம் பெரிசு. நல்ல மெட்டெல்லாம் வயலினுக்குப் போய்விடும், நடுவில் நிரப்புகிற வேலை எங்களுக்கு.

ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிற கண்டக்டர் பியாட்ரிஸ் மிஸ், பெரம்பூரில் மியூசிக் டீச்சராக இருந்தவர். அந்த வருஷம் திடீரென்று சொன்னார், இந்தக் கச்சேரியில் பெண்களும் கறுப்பினத்தவரும் எழுதிய இசை மட்டும்தான் என்று.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பத்து வருஷமாக வாசிப்பவர்களுக்குக்கூட அப்படி ஒரு பெயர் தெரியவில்லை. மிஸ் ஒரு ஜெராக்ஸ் போட்டோவைச் சுற்றுக்கு விட்டார். தொப்பி போட்ட ஒரு கறுப்பினப் பெண். அமெரிக்கா. முழு சிம்பொனி எழுதியவராம்.

நாங்கள் வாசிக்கப் போகிற அந்த சிம்பொனியில் ஒரு பகுதி டான்ஸ் இசை. டிரம் இல்லாமல் நடக்காது. எங்கள் டிரம்மரோ துபாய் போய்விட்டார். மிஸ்தான் செல்வியைக் கூட்டி வந்தார். வியாசர்பாடிப் பெண். எர்ணாவூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை, லீவு நாளில் அண்ணனின் பேண்டு செட்டில் டிரம். தேர்த் திருவிழாவில் அவள் அடித்ததை மிஸ் பார்த்திருக்கிறார்.

ஆர்கெஸ்ட்ரா கமிட்டியில் ஒருவருக்குப் பிடிக்கவில்லை. நோட்ஸ் படிக்கத் தெரியாதே, சாவு வீட்டில் அடிக்கிற பெண்ணை மேடையேற்றினால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார். செல்வி வாசலில்தான் நின்றிருந்தாள். நான் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்... இன்றும் உறுத்துகிறது.

மிஸ் நிதானமாகச் சொன்னார். "இத எழுதுன அம்மாவையும் அப்ப இப்டித்தான் பேசியிருப்பாங்க. செல்வி, உள்ள வா."

செல்வி அந்த போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கேள்விகள். இவங்க வேலைக்குப் போனாங்களா, பிள்ளை குட்டி உண்டா, எப்போ உட்கார்ந்து எழுதினாங்க... எங்கள் யாருக்கும் தோன்றாத கேள்விகள். பாதிக்கு மிஸ்ஸுக்கே பதில் தெரியவில்லை. தேடி வைத்து அடுத்த வாரம் வந்து சொன்னார்.

கஷ்டம் வேறு இடத்தில் வந்தது. ஓரிடத்தில் நாற்பது பார், அதாவது நாற்பது தாளச் சுற்று, அவள் அடிக்காமல் நிற்க வேண்டும். அப்புறம் சரியான இடத்தில் ஒரே ஒரு அடி. ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை தப்பியது.

"அடிக்கிறது ஈசிதான்க்கா. சும்மா நிக்கிறதுதான் பேஜாரா கீது," என்றாள் என்னிடம்.

அன்று குனிந்துகொண்ட குற்ற உணர்ச்சிதான் என்னை அவளிடம் தள்ளியது என்று நினைக்கிறேன். ரிகர்சல் முடிந்ததும் வயோலா பார்ட்டை மட்டும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். மெட்டு ஏறி, இறங்கி, நான் நிறுத்துகிற இடத்தில் அவள் அடி. எண்ணவே வேண்டாம், கேட்டால் போதும். வயோலாவை அத்தனை உன்னிப்பாகக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

கச்சேரி அன்று ஹால் நிறைந்துவிட்டது. வியாசர்பாடியிலிருந்து அவள் அம்மாவும் வந்திருந்தார். அவள் அடிக்க வேண்டிய அந்த இடத்தில், அவசரத்தில் நான் ஒரு பார் முன்னாலேயே முடித்துவிட்டேன். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

செல்வி அசையவில்லை. குச்சியைத் தூக்கியபடி நின்றாள். ஒரு பார் கழித்து, விழ வேண்டிய இடத்தில் விழுந்தது அடி.

வெளியே வந்ததும், எப்படிச் சரியாக அடித்தாய் என்று கேட்டேன்.

"நீதான்க்கா தப்பா வாசிச்ச. எனக்குப் பாட்டே தெரியும்ல," என்றாள்.

அந்தக் கமிட்டிக்காரர் வந்து அவளுக்குக் கை கொடுத்தார். போய்விட்டார்.

இப்போது அந்த ஆர்கெஸ்ட்ரா இல்லை. மிஸ் ஆஸ்திரேலியாவில் மகளோடு இருக்கிறார். செல்விக்கு இரண்டு பிள்ளைகள். வெளிநாடுகளில் இந்த மாதிரிக் கச்சேரி நிறைய நடக்கிறது, போனில் தட்டினால் வந்துவிடுகிறது. போன வாரம் அப்படி ஒன்றை அவளுக்கு அனுப்பினேன். இசை எழுதியவர்கள் என்று எட்டுப் பெயர்கள், எல்லாமே எனக்குப் புதுசு.

வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னணியில் குக்கர் விசில்.

"இன்னும் எத்தினி பேரு அக்கா இந்த மாதிரி கீறாங்க?"

திருவொற்றியூர் பஸ்ஸில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராகத் தேடிக் கேட்கிறேன். கேட்டு முடித்ததும் திரும்பிப் பார்த்துப் பேச பக்கத்தில் யாரும் இல்லை... அவ்வளவுதான்.