மற்றவர்களுக்கும் உரிய பாதை

போன கிழமை நோர்த்கோட்டில் ஒரு கோப்பிக் கடையில் மகளுக்காகக் காத்திருந்தேன். பழைய பனிச்சறுக்குக் கட்டைகள் இரண்டைக் குறுக்காக வைத்துச் சுவரில் அறைந்திருந்தார்கள். மரத்தாலானவை, ஒல்லியானவை, முனை வளைந்தவை. எழும்பிப்போய் அடிப்பக்கத்தில் மூக்கை வைத்து மணந்து பார்த்தேன். அதில் பூசியிருந்த தார் இன்னும் லேசாக மணத்தது. தலை நரைத்த ஒரு தமிழ்ப் பொம்பிளை கடைச் சுவரை மணந்துகொண்டு நிற்பதைக் கண்டு பக்கத்து மேசைக்காரர் தன் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். அவரில் பிழை இல்லை.

சொன்னால் நம்பமாட்டீர்கள், நானும் ஒரு காலத்தில் பனிச்சறுக்குக் கிளப் ஒன்றில் இருந்தவள். மலை உச்சியிலிருந்து சர்ரென்று இறங்குகிற சாகசத்தை நினைத்துவிடாதீர்கள். இது காட்டுக்குள்ளால், அநேகமாகச் சமதரையில், ஒரு காலைத் தள்ளி மற்றக் காலை இழுத்து மணிக்கணக்காக வழுக்கி வழுக்கிப் போவது. வியர்க்கும், மூச்சு வாங்கும். விழுந்தால் எழும்புவதற்கு ஒரு தனிப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியில் என்னை வெல்ல அங்கே ஆளில்லை. மற்றவர்கள் சறுக்கியதை விட நான் விழுந்து எழும்பியதுதான் அதிகம்.

என்னை அங்கே இழுத்துப் போனவர் பவானி அக்கா. நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்த ஆஸ்பத்திரியில்தான் அவர் வார்ட் நேர்ஸ். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அக்காவின் கணவருக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை, மகன் பல்கலைக்கழகத்தில். கூட வேலை செய்கிற யாரோ ஒரு பெண் ஒருமுறை பனிமலைக்குக் கூட்டிப்போனதோடு அக்காவுக்கு அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கன்ரீனில் எனக்கு எதிரே வந்து இருந்தார்.

"வாட்டில போனா சிஸ்டர், சிஸ்டர் எண்டு கூப்பிடுகினம். வீட்டுக்குப் போனா அம்மா. அந்தக் காட்டுக்குள்ள ஒருத்தரும் என்னைக் கூப்பிடேல்லை. நீரும் வாரும்."

எங்கள் சனங்களுக்கு இது தெரிந்தபோது சிரிப்போ சிரிப்பு. ஒரு பிறந்தநாள் விழாவில் ஒரு அன்ரி என் கையைப் பிடித்து, "பிள்ளை, பவானிக்குத்தான் விசர், உமக்கு என்ன வந்தது?" என்று கேட்டார். அவருக்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

கிளப்பின் கூட்டமெல்லாம் சாரணர் மண்டபம் ஒன்றில் நடக்கும். உள்ளே போனால் உருகிய மெழுகும் ஈரக் கம்பளிக் காலுறையும் கலந்த ஒரு மணம். சறுக்குக் கட்டைக்கு மெழுகு பூசி இஸ்திரிப்பெட்டியால் தேய்ப்பார்கள். தேய்த்து முடிந்ததும் சிந்திய மெழுகை எல்லோரும் முழங்காலில் நின்று சுரண்டி எடுக்க வேண்டும். அது கிரேயமின் சட்டம். கிரேயம் எங்கள் பயிற்சியாளர், ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர், நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். ஏன் என்று பிறகு உங்களுக்கு விளங்கும்.

வெயில் காலத்திலும் இலையுதிர் காலத்திலும் பனிக்கு எங்கே போவது? சில்லுப் பூட்டிய குட்டைக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு ஓடைக்கரைப் பாதையில் பழகுவோம். அந்தக் கட்டைகளுக்கு பிரேக் கிடையாது. பாதையோ எல்லோருக்கும் பொது. நாய் கூட்டி வருகிறவர்கள், குழந்தை வண்டி தள்ளுகிறவர்கள், சைக்கிள்காரர்கள் என்று வந்துகொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு ஞாயிறு காலையும் கிரேயம் எங்களை வட்டமாக நிறுத்திவைத்துச் சொல்லுவார்: "இந்தப் பாதை நடக்கிறவர்களுடையது. நாம் விருந்தாளிகள். ஆளைக் கண்டால் வேகத்தைக் குறையுங்கள், குரல் கொடுங்கள், வழி விடுங்கள்." பவானி அக்கா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். தூரத்தில் ஒரு நாய்க்குட்டி வந்தாலும் புல்லுக்குள் இறங்கி நின்று 'குட் மோர்னிங்' சொல்லுவார். அதனால் நாங்கள் இரண்டு பேரும் எப்போதும் கடைசி.

எப்போதும் முதலில் போகிறவன் கீத். பல் வைத்தியன், கிளப்பின் செயலாளர், நெட்டையன், சிவப்புத் தொப்பி. பெரிய போட்டி ஒன்றுக்காகத் தன்னைத் தயார்படுத்திக்கொண்டிருந்தான். கிரேயம் வராத நாட்களில் அவன்தான் தலைமை.

கிரேயம் வராத ஒரு ஞாயிறில்தான் அது நடந்தது. முதல்நாள் மழை. பாதையில் ஈர இலைகள். பாலத்தடி வளைவுக்கு முன் ஒரு சரிவு இருக்கிறது. சரிவின் மேலே நாங்கள் இருவரும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். கீழே கறுப்பு உடுப்புப் போட்ட ஒரு கிழவி, பாதையோரம் குனிந்து ஏதோ கீரை பிடுங்கிக்கொண்டிருந்தார். கீத் எங்களைத் தாண்டிப் போனான். குரல் கொடுக்கவில்லை. கிழவி நிமிர்ந்து ஒரு அடி பின்னுக்கு வைத்தார். அவனுடைய தோள் அவரை இடித்தது. அவர் விழுந்தார். அவன் தடுமாறி, சமாளித்து, வளைவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அப்படியே போய்விட்டான்.

பவானி அக்கா கட்டைகளைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார். சேற்றிலேயே உட்கார்ந்து கிழவியின் தலையைத் தன் மடியில் வைத்து, முறிந்த மணிக்கட்டைத் தன் கழுத்துத்துண்டால் கட்டித் தூக்கிப் பிடித்தார். "ஓகே, ஓகே, ஐ ஆம் எ நேர்ஸ்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் பாலத்துக்கு மேலே ஓடிப்போய் ஒரு வீட்டில் அம்புலன்சுக்குப் போன் பண்ணினேன். திரும்பி வந்தபோது ஒரு சிறு கூட்டம். அவர்கள் கண்டது இதைத்தான்: விழுந்து கிடக்கிற கிழவி, பக்கத்தில் ஒரு கறுத்த பெண், அவளுக்குப் பின்னால் சரிவில் சில்லுக் கட்டைகள். நாயோடு வந்த ஒருவர் கத்தினார்: "பாதையை வாங்கிவிட்டதாக நினைப்பா உங்களுக்கு?"

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கிழவியின் கையைப் பிடித்தபடி இருந்தார்.

முறைப்பாடு நகரசபைக்குப் போனது. உள்ளூர்ப் பத்திரிகையிலும் வந்தது. 'சில்லுச் சறுக்குப் பெண்' என்று போட்டிருந்தார்கள். கிளப் அந்தப் பாதையைப் பாவிப்பதையே தடைசெய்வோம் என்று நகரசபை எச்சரித்தது. மண்டபத்தில் அவசரக் கூட்டம் கூடியது. செயலாளர் என்ற முறையில் கீத்தான் எழும்பி விளக்கினான். சம்பந்தப்பட்டவர் அனுபவம் குறைந்த புதிய அங்கத்தவர் என்றும், அவர் பாதைப் பயிற்சியிலிருந்து விலகியிருப்பார் என்றும் நகரசபைக்குச் சொல்லியாகிவிட்டதாம். அதோடு பிரச்சினை முடிந்ததாம்.

நான் எழும்பினேன். எனக்குக் கோபம் வந்தால் ஆங்கில இலக்கணம் என்னை விட்டு ஓடிவிடும். ஆனாலும் விளங்கக்கூடிய மாதிரித்தான் சொன்னேன்: "இடித்தது பவானி இல்லை. கீத். நான் பார்த்தேன்."

கீத் மறுக்கவில்லை. அதுதான் என்னால் இன்றைக்கும் மறக்கமுடியாதது. "எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடந்தது. ஒருவரை ஒருவர் விரல் நீட்டுவதால் யாருக்கு என்ன பிரயோசனம்?" என்றான். சிலர் தலையாட்டினார்கள். ஒருத்தி எனக்குத் தேநீர் கொண்டுவந்து தந்தாள்.

பவானி அக்கா கிரேயமை மட்டும் பார்த்துக் கேட்டார். "நான் இடித்தேன் என்று நீங்கள் நம்புகிறீர்களா?"

கிரேயம் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, மிகவும் கனிவாகச் சொன்னார்: "நீ வேண்டுமென்று செய்தாய் என்று இங்கே ஒருவரும் நினைக்கவில்லை, பவானி."

அடுத்த கிழமை அவருடைய வீட்டுக்குப் பூங்கொத்து அனுப்பினார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்ட ஒரு வாழ்த்து அட்டையும் அதில் இருந்தது. கீத்தின் கையெழுத்துத்தான் அதில் வடிவான கையெழுத்து.

அக்கா கிழவியைத் தேடிப் போனார். மரியா என்று பெயர். இத்தாலியப் பெண், ஓடைக்குப் பக்கத்துத் தெருவில்தான் வீடு. நானும் கூடப் போனேன். மரியா எங்களைக் கண்டதும் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக்கொண்டு தன் மகனிடம் படபடவென்று இத்தாலிய மொழியில் பொரிந்தார். தலைக்கு மேலே கையை உயர்த்தி நெட்டை என்று காட்டினார். மேசையில் கிடந்த தக்காளியைத் தூக்கித் தலையில் வைத்துச் சிவப்புத் தொப்பி என்றார். பவானி அக்காவைக் கட்டிப்பிடித்து, "இவள் இல்லை, இவள் இல்லை" என்று தலையை ஆட்டினார்.

மகன் எங்களைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தான். "அம்மா ஒரு ஆண் என்று சொல்லுறா. எனக்கு விளங்குது. ஆனால் நகரசபை விஷயத்தை முடித்துவிட்டது. வயது போன மனுசி. திரும்பவும் கிளற வேண்டாமே."

பிறகு எல்லோருமாக இருந்து சாப்பிட்டோம். ஓடைக்கரைக் கீரையை அவித்து, ஒலிவ் எண்ணெயும் எலுமிச்சம் புளியும் விட்டிருந்தார். அக்கா ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கொஞ்சம் கசக்குது. ஆனா நல்லாயிருக்கு என்ன?"

அந்த வருடம் மலைக்குப் போக ஏற்கெனவே பதிந்து வைத்திருந்தோம். நான் வேண்டாம் என்றேன். "நான் ஏன் ஒளிக்கவேணும்?" என்றார் அக்கா. போனோம். கிளப்காரர் எல்லோரும் அங்கே இருந்தார்கள். கையசைத்தார்கள், 'உங்களைக் கண்டது எவ்வளவு சந்தோஷம்' என்றார்கள். கீத் தன் மெழுகுப் பெட்டியை நீட்டி, இன்றைய பனிக்கு இந்தப் பச்சை மெழுகுதான் சரி என்று அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தான். அக்கா நன்றி சொல்லி வாங்கினார்.

காட்டுக்குள் பாதி தூரம் போயிருப்போம். எந்தச் சத்தமும் இல்லை. அக்கா நின்றார். குனிந்து கட்டைகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எனக்கு இவ்வளவும் காணும். நான் திரும்பிப் போறன்."

பனித்தடத்தில் இயந்திரத்தால் இரண்டு வரி இழுத்திருப்பார்கள், சறுக்குக் கட்டை அதற்குள் ஓடுவதற்கு. அதில் சப்பாத்துக் காலோடு நடந்தால் வரி உடைந்துவிடும். அக்கா அதை விட்டு விலகி, ஓரத்து மெதுபனிக்குள் இறங்கி நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் வரை புதைந்தது. இழுத்து எடுத்து எடுத்துப் போனார்.

"அக்கா, தடத்திலையே வாங்கோ. ஒருத்தரும் இல்லை."

"பின்னால வாற ஆக்கள் இருப்பினம்" என்றார், திரும்பாமல்.

நானும் என் கட்டைகளைக் கழற்றினேன். அவருக்குப் பின்னால், அவருடைய குழிகளிலேயே கால் வைத்து நடந்தேன். அன்றைக்குப் பிறகு நாங்கள் இருவரும் பனிக்குப் போகவில்லை.

இப்போது யோசித்தால் அதில் எதுவுமே மிச்சமில்லை. கிளப் ஆள் குறைந்து இன்னொரு கிளப்போடு சேர்ந்து பெயர் இழந்தது. சாரணர் மண்டபம் இருந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பிவிட்டது. ஓடைக்கரைப் பாதையை அகலமாக்கி நடுவில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். மரியா நித்திரையிலேயே போனார். அவருடைய வீட்டை மகன் விற்றுவிட்டான். கிரேயமின் இறுதிச் சடங்குக்கு நான் போனேன், அக்கா பூ மட்டும் அனுப்பினார். இந்த வருடம் மாசிக் கோடையில் வந்த காட்டுத்தீ அந்தப் பனிமலையையும் எரித்தது. அந்தக் காட்டு மரங்கள், அடிவாரத்தில் நாங்கள் கட்டைகள் வாடகைக்கு எடுத்த சிறு ஊர், எல்லாம் போய்விட்டன.

தீயைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு பவானி அக்கா பிரிஸ்பேனிலிருந்து போன் எடுத்தார். மகனோடு அங்கே போய்ப் பல வருடம். தீயில் செத்துப்போன சனங்களைப் பற்றிக் கதைத்தோம், மரங்களைப் பற்றிக் கதைத்தோம்.

"மரியாவும் இல்லை, கிரேயமும் இல்லை" என்றார் அக்கா. "நான் இடிக்கேல்லை எண்டு தெரிஞ்ச ஆக்கள் இனி ஆர்? நீரும் நானும். மற்றது, இடிச்ச அவன்."

"அவனுக்கு ஞாபகம் இருக்கும் எண்டு நினைக்கிறியளோ அக்கா?"

"இல்லை" என்றார் உடனேயே. "அவன் இப்ப நான்தான் இடிச்சனான் எண்டே நம்பிக்கொண்டிருப்பான்."