காட்டாத முகம்

"நாவல்ல அந்த வயல்வட்டைக் காட்சி கண்ண விட்டுப் போகுதில்ல காக்கா" என்று ஊர்த் தம்பிமார் யாராவது சொன்னால், முன்பெல்லாம் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். யுத்த காலத்தில் வயலுக்குப் போன இடத்தில் கொல்லப்பட்ட ஒரு விவசாயியைப் பற்றி நான் எழுதிய நாவல் அது. அவருடைய உடலை, ஜனாஸாவைச் சுமந்து வந்தவர்களிடம் கேட்டு, முகம் சிதைந்திருந்த விதத்தை ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். ஈ மொய்த்ததைக்கூட விடவில்லை. எழுதி முடித்ததும் பிளேன்டீ குடித்தபடி நானே இரண்டு தடவை வாசித்து ரசித்தேன்.

அந்த விவசாயியின் மனைவி வரிப்பத்தான்சேனையில் இருக்கிறார். புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வந்து, அடுத்த மாதம் மறுபடி போனேன்.

"மகள் வாசிச்சுக் காட்டினாள் தம்பி."

"எப்பிடி ராத்தா இருக்கு?" பாராட்டுக்குத்தான் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "அண்டைக்கு ஆம்புளைகள் எனக்கு முகத்தக் காட்டல்ல. மூடியே கொண்டுபோய் அடக்கிட்டாங்க. அதால, காலையில சோத்துப் பொதியோட சிரிச்சிட்டுப் போன முகம்தான் இவ்வளவு காலமும் எனக்கிட்ட இருந்திச்சி. இப்ப கண்ண மூடினா நீங்க எழுதின முகம்தான் வருது."

அடக்குமுன் வீட்டாருக்கு முகத்தைக் காட்டுவது எங்கள் வழக்கம். புத்தகமே தொடாத அந்த மனிதர்கள் வழக்கத்தை மீறி மூடியதை, நான் அழகு தமிழில் திறந்து காட்டியிருக்கிறேன்.

அடுத்த பதிப்பில் அந்தப் பக்கம் இல்லை. ஆனாலும் பழைய பிரதியை வாசித்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காட்சி இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை என்கிறார்கள்.

நான் கையை விடுவித்துக்கொள்கிறேன்.