ராக்கெட்டு பேசுது, கம்முனு இருங்க

பாப்பா மதியத் தூக்கத்தில் இருந்தாள். டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, மனிதர்கள் முதன்முதலில் நிலாவுக்குப் போன காலத்தைப் பற்றிய படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விண்கலத்துக்குள் சுவரெல்லாம் சுவிட்சுகள். முழங்கை பட்டுவிடக் கூடாதென்று பக்கத்திலேயே சின்னச் சின்னக் கம்பி வளையங்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. இன்னும் தவழவே தொடங்காத குழந்தைக்காக, தாம்பரம் மார்க்கெட்டில் மூடி வாங்கிவந்து எல்லா பிளக் பாயின்ட்டையும் அடைத்து வைத்திருப்பவள் நான்.

பூமியில் ஒரு பெரிய கூடம் நிறைய ஆட்கள். ஆனால் ஒருவர்தான் மேலே இருப்பவர்களோடு பேசுகிறார். பேசி முடித்ததும் ‘பீப்’ என்று ஒரு சத்தம். பதில் வரும்வரை அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த பீப் என்னை நான் வளர்ந்த குரோம்பேட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது.

அப்பாவுக்கு அப்போது மஸ்கட்டில் வேலை. எங்கள் வீட்டில் போன் கிடையாது. கீழ்வீட்டு மேரி ஆன்ட்டியின் நம்பரைத்தான் கொடுத்து வைத்திருந்தோம். உங்கள் தெருவிலும் அப்படி ஒரு வீடு இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம், “மஸ்கட் லைன்ல இருக்கு, ஓடியாங்க” என்று குரல் வரும். அம்மா ஈரக்கையோடு இறங்குவாள், பின்னால் நான். ஆன்ட்டி மிக்ஸியை நிறுத்துவார். அங்கிள் டிவியை அணைத்துவிட்டு, “ராக்கெட்டு பேசுது, கம்முனு இருங்கப்பா” என்பார்.

வானத்துச் செயற்கைக்கோள் வழியாகச் சுற்றிப் போகும் அந்த லைனில் குரல் போய்ச் சேரவே நேரம் பிடிக்கும். கேட்கவில்லையோ என்று மறுபடி பேசினால் இரண்டு குரலும் மோதிக்கொள்ளும். அதனால் சொல்ல வேண்டியதைச் சொல்லி, “சரி” என்று முடித்துவிட்டுக் காத்திருப்பது எங்கள் வீட்டு வழக்கம். எங்கள் பீப் அதுதான்.

ஒருநாள் அம்மா, “தனியா இருக்க பயமா இருக்குங்க. சரி” என்றாள். ஆன்ட்டி சுவரைப் பார்த்தார். அந்த இடைவெளியில் அம்மா வேறு எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. படியேறும்போது, “அப்பா என்னம்மா சொன்னாரு?” என்றேன்.

“கேட்டுக்கிட்டாரு.”

இப்போது என் கணவர் தோஹாவில். வீடியோ காலில் குரல் உடனே போய்விடுகிறது. “பயமா இருக்குங்க” என்று தொடங்கிய வாயாலேயே, “சும்மா சொன்னேன், நீங்க டென்ஷன் ஆகாதீங்க” என்று மூடிவிடுகிறேன். மூடி போட்டே பழகிய கை.

படம் முடிவதற்குள் அவர் கூப்பிட்டார். “பாப்பா தூங்குறாளா?”

“தூங்குறா. ஏங்க, எனக்குத் தனியா இருக்க பயமா இருக்கு. சரி.”

“என்ன சரி?” என்று சிரித்தார்.

நான் எதுவும் சேர்க்கவில்லை. அவர் சிரிப்பு நின்றது. காத்திருந்தேன். மேரி ஆன்ட்டி வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டி எத்தனையோ வருடம் ஆகிறது. எங்களுக்கு மேல் ஃப்ளாட்டில் யாரோ மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இங்கே ஒருத்தி பேசிவிட்டுக் காத்திருக்கிறாள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்.