நாலரை மணிச் சங்கு

நாலரை மணிக்கு ஊத வேண்டிய சங்கு அன்று ஊதவில்லை. அவித்த நெல்லின் புளித்த வாசம் மட்டும் வழக்கம்போல ஆலை வளவெங்கும் நின்றது.

கிளிநொச்சியில் அரிசி ஆலையில் வேலை முடிய ஊதும் ஊதுகுழலை நாங்கள் "சங்கு" என்றுதான் சொல்வோம். எங்கள் பகுதிக்கு முதல் வந்த ஆலை அது. அதன் முதலாளி பக்கத்திலேயே கட்டிய மாடிவீடு "மில் வீடு". காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறிய புதிதில் அம்மா அந்த ஆலையில் நெல் காயவிடும் வேலைக்குப் போனார். பள்ளிக்கூடம் விட்டதும் தங்கச்சி மில் வீட்டுக்குள் விளையாடுவாள். வெளியே லொறிகள் வந்துபோகும் என்ற பயத்தில் அம்மா அவளுக்குச் சொல்லிவைத்தது ஒன்றுதான்: "ஆர் கூப்பிட்டாலும் வெளியிலை வராதை. சங்கு ஊதினாத்தான் வரவேணும்."

அன்று கொதிகலன் பழுதாகி ஆலை நின்றது. வேலையாட்கள் கலைந்த பிறகுதான் தங்கச்சியைக் காணவில்லை என்று தெரிந்தது. மாடி, குசினி, சாக்கு அறை எல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேடினோம். பொழுது சாய, கிணற்றில் விழுந்ததைத் துழாவி எடுக்கும் பாதாளக்கொழுக்கி கயிற்றில் இறங்கியது. கயிறு அசையும்போதெல்லாம் அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

அப்பாவை நாங்கள் ஐயா என்போம்; அவருக்குத்தான் சட்டென்று பட்டது. "அட, சங்கு ஊதேல்லையெல்லோ!"

கொதிகலன் ஆறிக் கிடந்ததால் ஆலைச் சங்கை ஊத வழியில்லை. அக்கம்பக்கத்தில் வேறு இருந்த ஒரே சங்கு, செத்தவீடுகளுக்கு ஊதும் கந்தையா அண்ணையுடையது. அவர் சங்கை எடுத்தும் வாயில் வைக்கவில்லை.

"பிள்ளை உயிரோடை இருக்கேக்கை இதை எப்பிடி ஊதுறது?"

"இருக்கிறபடியாத்தான் ஊதச் சொல்லுறன், கந்தையா."

சங்கு எழுந்தது. கிணற்றடியில் நின்ற அம்மாவுக்கு அதற்கு ஒரே பொருள்தான். "ஐயோ, என்ரை பிள்ளை!" என்று அப்படியே சரிந்துவிட்டார்.

மில் வீடு இப்போது குண்டு விழுந்து கூரையில்லாமல் நிற்கிறது. நெல் காய்ந்த சீமெந்துத் தரையில் பற்றை மண்டிவிட்டது. எந்தச் சத்தம் கேட்டால் வீட்டுக்கு ஓடிவர வேண்டும், எது கேட்டால் நிலத்தோடு படுக்க வேண்டும் என்று என் பிள்ளைகளுக்கு நானும் சொல்லிவைத்திருக்கிறேன். மகள் வரப் பிந்தும் மாலைகளில் படலையைப் பிடித்தபடி, அன்று சாக்கு அடுக்கின் பின்னாலிருந்து வந்த தங்கச்சியையே நினைத்துக்கொள்கிறேன். தலையெல்லாம் உமித்தூள், முகத்தில் கோபம்.

"அம்மா, ஏன் இண்டைக்குச் சங்கு இவ்வளவு பிந்தி ஊதினது? எனக்குப் பசிக்குது."