தாய்மாமன் தட்டில் ஒரு பேய்க் கதை

1. கலர்வாரியாக அடுக்கியது

புத்தக வேனில் சேர்ந்த முதல் நாளே என்னை வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். ஏன் அனுப்பவில்லை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அதற்கு முன் புதுச்சேரி டவுனில் ஒரு சேலைக்கடையில் பட்டு கவுண்டரில் பல வருஷம் நின்றவள் நான். கடையை மூடிவிட்டார்கள். வில்லியனூரில் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நாலைந்து சின்னப் பதிப்பகங்கள் சேர்ந்து கிராமங்களுக்கு ஒரு வேன் விடப் போவதாகவும், வாயுள்ள ஆள் ஒருத்தர் வேண்டும் என்றும் கேள்விப்பட்டேன். வாய்க்கு என்னிடம் எப்போது பஞ்சம் வந்தது?

ரேக்கில் புத்தகங்களை அடுக்கச் சொன்னார்கள். அடுக்கினேன். சிவப்பு அட்டையெல்லாம் ஒரு வரிசை, பச்சை ஒரு வரிசை, கருப்பு கீழே மூலையில். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. பதிப்பகங்கள் சார்பில் வேனைப் பார்த்துக்கொள்ளும் நிவேதா வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னாக்கா இது? கொலைக் கதை பக்கத்துல காக்கா படம் போட்ட கொழந்தைங்க புக்கு இருக்குது?"

"ரெண்டும் ஒரே ஷேடும்மா. பக்கத்துல பக்கத்துல வச்சா எடுப்பா இருக்கும்."

வேன் ஓட்டும் இருதயராஜ் அண்ணன் சிரித்த சிரிப்பில் அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நிவேதா திட்டவில்லை. ஒரு கட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, "மொதல்ல இதெல்லாம் படிங்க. அப்புறம் விக்கலாம்" என்றாள். நியாயம்தான். தொட்டுப் பார்க்காத துணியை எவளுக்கும் விற்கக் கூடாது என்று கவுண்டரில் புதுப்பெண்களுக்கு நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். ஒரு மாதம் வீட்டில் உலை கொதிக்கக் கொதிக்கப் படித்தேன். இரண்டு தடவை சோறு அடிப்பிடித்தது.

படித்து முடித்ததும் ஒன்று புரிந்தது. சேலை விற்பதும் கதை விற்பதும் ஒரே வேலைதான். யாருக்கு என்று கேள், எவ்வளவுக்கு என்று கேட்காதே. கை எங்கே போகிறது என்று பார். எல்லாவற்றையும்விட, முந்தானையை உடனே விரித்துவிடாதே. சேலையின் உடலைக் காட்டு, பார்டரைக் காட்டு, முந்தானையை மடிப்பிலேயே வைத்திரு. "முந்தானை எப்படி இருக்கும்?" என்று அவர்களே கேட்டுவிட்டால் பாதி வியாபாரம் முடிந்தது. கதைக்கும் கடைசியை மடித்து வைக்க வேண்டும்.

நிவேதா சொன்னபடி ரேக்கை மாற்றி அடுக்கினேன். கருப்பு மூலையை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். ஆசையாக அடுக்கியது, மனசு வரவில்லை.

2. கருப்பு அட்டை

சனிக்கிழமை சாயங்காலம் வேன் உறுவையாறு கிராமத்தில் நிற்கும், பால் சொசைட்டி பக்கத்தில். தர்ஷினி முதலில் வந்தது தம்பிக்குக் காக்கா புத்தகம் வாங்கத்தான். அதை எடுத்த கை அப்படியே பக்கத்தில் இருந்த பேய்க் கதைக்குப் போனது. எட்டாம் வகுப்புப் பெண். வேன் படியிலேயே உட்கார்ந்து அரைப் புத்தகத்தை முடித்துவிட்டு, "ஆண்ட்டி, நாலாவது சாப்டர் செம போரு. ஆனா அஞ்சாவது தாங்க முடியல" என்றாள். அதற்குப் பிறகு படிக்கட்டு அவளுடையது. யார் வந்து எதை எடுத்தாலும் அவள் ஒரு கருத்துச் சொல்வாள். என் வேலையில் பாதியை அவளே பார்த்தாள்.

திடீரென்று சில வாரம் ஆளைக் காணோம். ஒரு சனிக்கிழமை அவள் தாய்மாமன் சேகர் பைக்கில் வந்து இறங்கினார். கரிக்கலாம்பாக்கத்தில் மனை புரோக்கர். வெள்ளைச் சட்டை, இரண்டு போன், இரண்டும் அடித்துக்கொண்டே இருக்கும்.

"பொண்ணு பெரிய மனுஷி ஆயிட்டாக்கா. அதான் வரல. இனிமேயும் வர மாட்டா போல. கலாக்கா ஆர்டர் போட்டுட்டாங்க."

கலா என்பது தர்ஷினியின் அப்பாவுக்கு அக்கா. அதே வீட்டில்தான் இருக்கிறாள். அந்த வீட்டில் அவள் சொன்னால் சொன்னதுதான்.

"இன்னா ஆர்டர்?"

"வேன் பக்கம் போவக் கூடாது. கதை புக்கும் வூட்டுக்குள்ள வரக் கூடாது. பேய்க் கதை படிச்சித்தான் புள்ள பயந்துக்குதுன்னு சொல்றாங்க. இவ அழுதுக்கினே இருக்கா. நான் ஒரு ஐடியா பண்ணிக்கிறேன்க்கா. மஞ்சத்தண்ணிக்கு என் வரிசைத் தட்டுல புக்கையே வச்சிடறேன். தாய்மாமன் சீருக்கா! தட்டுல வந்துட்டா அது அவளுது. படிக்காதன்னு எவன் சொல்றது?"

புரோக்கர் மூளையே மூளை. பத்திரம் பதிந்த மனை மாதிரி புத்தகத்தையும் அவள் பேருக்கு எழுதிவிடப் பார்த்தார்.

புதிதாக வந்ததில் எடுத்து வைத்தேன். மழையைத் தேடி வேறு கிரகத்துக்குப் போகும் பிள்ளைகளின் நாவல், கபடி ஆடும் பெண்களின் கதை, லாரி டிரைவர் துப்பறிகிற ஒன்று, வாய்விட்டுச் சிரிக்க ஒரு சிறுகதைத் தொகுப்பு. சேகர் தலையாட்டிவிட்டு, "அவ கேட்டது ஒண்ணுதான்க்கா. அந்தக் கோலப் பேயி" என்றார்.

அது வரப் போகிறது என்று அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன்; அந்த மாதம்தான் அச்சாகி வந்திருந்தது. நல்ல நாவல். அட்டை மட்டும் அமாவாசைக் கருப்பு. நல்ல காரியத்துக்குத் துணி எடுக்க வருகிறவர்களுக்கு நாங்கள் கருப்புப் பீஸைக் கண்ணிலேயே காட்ட மாட்டோம். அதைப் போய் மஞ்சள் நீராட்டுத் தட்டில் வைப்பதா? யோசித்து, எல்லாப் புத்தகத்துக்கும் பளிச்சென்ற மஞ்சள் தாளில் அட்டை போட்டுவிட்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். மஞ்சள் தாளுக்குள் எது எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது என்பது அப்போது உறைக்கவில்லை.

3. தட்டு

என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மேளத்தோடு வரிசை வந்தது. பழம், வளையல், பட்டு, இனிப்பு, நடுவில் புத்தகத் தட்டு. சேகரின் மனைவி பக்தியாக மேல் புத்தகத்துக்கு மஞ்சள் குங்குமம் வேறு வைத்திருந்தாள்.

சபையில் தட்டு வைத்தால் பெண்கள் எடுத்துப் பார்ப்பார்கள், அது வழக்கம். கலா மேல் புத்தகத்தை எடுத்தாள். "இது இன்னா சேகரு, பள்ளிக்கூடத்து கைடா?"

"படிக்கிற புக்குதாங்க" என்று சேகர் பொதுவாகச் சொல்லி வைத்தார்.

கலா தாளைப் பிரித்தாள். குங்குமம் வைத்த மஞ்சள் தாள் கழன்று, கருப்பு அட்டையும் அதில் வரைந்த இரண்டு கண்ணும் எட்டிப் பார்த்தன. இத்தனை புத்தகத்தில் அதுதானா மேலே வர வேண்டும்!

"நல்ல காரியத்துல பேயக் கொண்டாந்து வைக்கிறியா? தட்ட எடுத்துக்கினு போ. எனக்கு இது வேணாம்."

சேகருக்கு முகம் சிவந்துவிட்டது. சீர்த் தட்டு திரும்பினால் உறவே முறிந்த மாதிரி. மாலையும் கழுத்துமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த தர்ஷினி என்னைப் பார்த்தாள். என் கெட்டிக்காரத்தனத்தால் இந்தப் பெண்ணுக்குக் கதை படிப்பதே போய்விடப் போகிறதே!

கவுண்டரில் நின்ற புத்தி கைகொடுத்தது. வேண்டாம் என்கிற வாடிக்கையாளரிடம் வாதாடக் கூடாது. புத்தகத்தைக் கலாவிடமிருந்து வாங்கித் திறந்தேன்.

"கருப்பு வேணாங்கா, ஒத்துக்கறேன். தப்பு என்னுது. எடுத்துடலாம். எடுக்கறதுக்கு முன்ன இன்னா கதைன்னு மட்டும் ஒரு வார்த்தை கேளுங்க."

"சொல்லு. கேட்டுட்டு தொலையறேன்."

"ஒரு வூட்டுக்குப் புது மருமவ வரா. மறுநாள் விடியல்ல வாசத் தெளிக்கப் போனா, கோலம் ஏற்கெனவே போட்டிருக்குது. மாமியார் போட்டிருப்பாங்கன்னு இவ நெனைக்கறா. மருமவ போட்டிருக்கான்னு மாமியார் நெனைக்கறாங்க. நல்லா இருக்குதேன்னு ரெண்டு பேரும் வாயத் தொறக்கல. தெனமும் கோலம் வருது. ஒருநாள் இவ முன்னாடியே எழுந்து கதவுச் சந்துல பாக்கறா. ஒரு பொம்பள குனிஞ்சி புள்ளி வச்சிக்கினு இருக்கா. மெதுவா தலையத் தூக்கறா. பாத்தா அந்த மொகம்..."

புத்தகத்தை மூடிவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண்கள் வளையல் தட்டை விட்டுவிட்டு இங்கே வந்திருந்தார்கள்.

"யாரு மொகம் அது?" என்றாள் கலா.

"அத நான் சொல்லக் கூடாதுக்கா. எழுதுனவங்க கோச்சிக்குவாங்க."

கலா என்னை ஒரு முறை முறைத்தாள். பிறகு புத்தகத்தை எடுத்துத் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டாள். "கொழந்த தட்டுல கருப்பு ஆவாது. இது எங்கிட்ட இருக்கட்டும். மத்ததெல்லாம் வைய்யி. சீரத் திருப்பக் கூடாது."

தட்டு தங்கியது. சேகர் மீசையைத் தடவிக்கொண்டார். ஆனால் தர்ஷினி கேட்ட ஒரே புத்தகம் போய்விட்டது. வேனுக்கு அவளை விடுவார்களா என்றும் யாரும் சொல்லவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டில் பாயசம் நன்றாக இருந்தது என்றார்கள். எனக்கு இறங்கவில்லை.

4. சனிக்கிழமை

அடுத்த சனிக்கிழமை படி காலியாகவே இருந்தது. வேனைக் கிளப்பலாமா என்று இருதயராஜ் அண்ணன் கேட்டபோது, தெருமுனையில் கலா வருவது தெரிந்தது. கையில் கருப்புப் புத்தகம். திருப்பிக் கொடுக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவள் பின்னால் தர்ஷினி.

"நீ நல்ல ஆளும்மா!" என்று தூரத்திலேயே ஆரம்பித்தாள் கலா. "அந்த மொகம் யாருதுன்னு நான் பாதியிலயே கண்டுபிடிச்சிட்டேன். ஆனா கடசிக் கோலத்த யாரு போட்டது? அதச் சொல்லாமயே முடிச்சிட்டாங்க. ரெண்டு நாளா எனக்கு வேலையே ஓடல."

"அது படிக்கறவங்க முடிவுக்கா" என்று சொல்லிவிட்டு, தர்ஷினியைப் பார்த்து மெல்லக் கேட்டேன். "அத்தை உனக்குப் படிக்கக் குடுத்தாங்களா?"

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "முழுசா நான்தான் ஆண்ட்டி படிச்சேன். தனியாப் படிக்க அத்தைக்கு பயமாம். என்னைப் பக்கத்துல உக்கார வச்சி சத்தமா படிக்கச் சொன்னாங்க."

"ஏய், சும்மா இருடி!" என்றாள் கலா.

புதிதாக வேனில் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். அட்டை எந்தக் கலராகவும் இருக்கட்டும், அதை மறைக்காதீர்கள். வேண்டாம் என்கிறவர்களோடு மல்லுக்கு நிற்காதீர்கள். கதையின் நுனியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்ளுங்கள்; மீதியை அவர்களே இழுத்துக்கொள்வார்கள்.

அன்று கலா கருப்பு மூலையில் வெகுநேரம் நின்றாள். கடைசியில் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இதவிட பயமா எதுனா இருக்குதா?"

நான் வாயைத் திறக்கும் முன்பே, படியில் உட்கார்ந்திருந்த தர்ஷினி ஒரு புத்தகத்தை உருவி அத்தையிடம் நீட்டினாள்.