ஈ பிடிக்கும் குடுவையும் மச்சான் கடை ஸ்டூலும்

பூக்காரனுக்குப் பூ வாடினால் கவலை; என் தொழிலில் வாடாவிட்டால்தான் கவலை. குடுவைச் செடியைப் பார்த்திருப்பீர்கள். இலை நுனியில் மூடி போட்ட சொம்பு மாதிரி தொங்கும். விளிம்புத் தேனுக்கு ஆசைப்பட்டு வரும் ஈ, வழுக்கி உள்ளே விழுந்தால் செடிக்குச் சாப்பாடு. அந்தக் குடுவைகளை நறுக்கி, காயவைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தி விற்பது என் பிழைப்பு. தொண்ணூறுகளின் கடைசியில், பிரேசர் டவுனில் ஒரு கார் ஷெட்டில் ஆரம்பித்தேன். தொழில் படுத்தால் என் மனைவியின் அண்ணன் அந்தோணி மச்சானின் ஹார்டுவேர் கடையில் எனக்கென்று ஒரு ஸ்டூல் தயாராக இருந்தது. சொந்தத் தொழில் என்று கிளம்பிய சக பாவிகளே, உங்களுக்கும் எங்கேயோ அப்படி ஒரு ஸ்டூல் இருக்கும்.

வயிறு கழுவுதல்

நறுக்கிய குடுவைக்குள் பாதி செரித்த எறும்பும் ஈயும் கஷாயமாக நிற்கும். அதைக் கொட்டிக் கழுவி, பஞ்சடைத்து, சலித்த மணலில் புதைத்தால்தான் உருக்குலையாமல் காயும். முதல் தடவை சமையலறைத் தொட்டியிலேயே கழுவிவிட்டேன். அன்று மத்தியானம் என் மனைவி ஸ்டெல்லா ரசத்தைப் பாத்திரத்தோடு என் முன்னால் வைத்தாள்.

"மொதல்ல நீங்க குடிங்க. மெதக்கறது மிளகுதானான்னு பாத்துச் சொல்லுங்க, அப்புறம் நான் சாப்பிடறேன்."

அதோடு கழுவுகிற வேலை ஷெட்டு வாசல் குழாய்க்குப் போனது.

ஸ்ரீராம்புரத்து அம்மா

ஒரு கண்காட்சியில் ஸ்டால் போட்டேன். ஸ்ரீராம்புரத்திலிருந்து வந்த அம்மா ஒருவர் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஆகா, முதல் போணி என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். "இது ஈ புடிக்குமாப்பா?" என்றார். உயிரோடு இருந்தபோது பிடித்தது, இப்போது அலங்காரத்துக்கு மட்டும்தான் என்றேன்.

"செத்துப்போனதை வெச்சிக்கினு நான் இன்னாப்பா பண்றது? எங்க வூட்ல ஈ உயிரோடதான கீது!"

பெரிய ஆர்டர்

ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி வரவேற்பறைக்கு ஆளுயரப் பெட்டி கேட்டார்கள். பிடித்துப்போனால் எல்லா மாடிக்கும் ஒவ்வொன்று. ஸ்டெல்லாவே மெழுகுவர்த்தி ஏற்றினாள். நடுவில் நிறுத்த ராட்சசக் குடுவை ஒன்றை நறுக்கினேன். பாருங்கள் என் நேரத்தை, அன்றைக்கென்று பார்த்துக் குழாயில் தண்ணீர் வரவில்லை. மறுநாள் திறப்பு விழா. துணியால் உள்ளே துடைத்து, அரைகுறையாகக் காய்ந்ததையே பெட்டியில் ஏற்றினேன்.

கொஞ்ச நாளில் போன் வந்தது. போய்ப் பார்த்தால் பெட்டியைச் சுற்றி ஒரே கூட்டம், சிரிப்பு. ராட்சசக் குடுவையின் வாயிலிருந்து குட்டி ஈக்கள் சாரிசாரியாகப் பிறந்து, கண்ணாடிக்குள் ஆனந்தமாகப் பறந்துகொண்டிருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆர்டர் கொடுத்த மதுரைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஈ பிடிக்கிற செடின்னுதானே சார் சொன்னீங்க? இது ஈக்குப் பிரசவம் பாக்குது. தூக்கிட்டுப் போயிருங்க."

ஸ்டூல்

பெட்டியோடு ஆட்டோவில் திரும்பும்போது மச்சான் கடை வழியில்தான் இருந்தது. அவர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, சூடாக பஜ்ஜியும், சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் வரவழைத்தார்.

"நாலு நாள் சும்மா வந்து உக்காருங்க மாப்ள. புடிக்கலைன்னா போயிடலாம், யாரு தடுக்கப்போறா?"

வருஷக்கணக்காக ஆணி நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். விளிம்பில் தேன் தடவியிருந்தால் உள்ளே என்ன நடக்கும் என்று ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்னவனுக்கு, அந்த டீயைக் குடிக்கும்போது மட்டும் அது தோன்றவே இல்லை.